பால் பொங்காமல் பவர் பட்டன் இல்லை

அந்த அக்காவிடம் கம்ப்யூட்டரைக் காட்டப் போகிறவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் பால் இருக்கிறதா? பாக்கெட் பால் பரவாயில்லை, ஆனால் காய்ச்சாத பாலாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று, என்ன கோளாறு என்பதெல்லாம் அப்புறம்தான்.

பாவம், வந்தவர்கள் அக்கா டீ கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, போட்டுத் தருகிறோம் என்பார்கள். டீ வேண்டாம், பால் காய்ச்ச வேண்டும் என்பார் அக்கா. எதற்கு என்று கேட்டால், குடி போகும்போது பால் காய்ச்சாமல் போவீர்களா என்று திருப்பிக் கேட்பார். உடனே பால் பாத்திரத்தைத் தேடப் போவார்கள். நானும் போயிருக்கிறேன்.

அக்கா செய்தது ஒரே ஒரு வேலை. பட்டனைத் தட்டியதும் கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரவைத்து வேலை வாங்குகிற அடிப்படை சாஃப்ட்வேர் ஒன்று உண்டல்லவா, ஓ.எஸ். என்பார்களே, அதைப் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து ஒரு பொட்டு குறையாமல் புது எஸ்.எஸ்.டி.க்கு மாற்றித் தருவது. எஸ்.எஸ்.டி. என்பது உள்ளங்கையில் அடங்குகிற புதுவகை டிஸ்க். அதில் ஓ.எஸ். ஏறிவிட்டால் நேற்றுவரை தவழ்ந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் இன்றைக்கு ஓட ஆரம்பித்துவிடும். பிரிண்டர் மக்கர் செய்கிறது, நெட் வரவில்லை, வைரஸ் புகுந்துவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் போக மாட்டார். அதற்கெல்லாம் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பார். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கூப்பிடாமலேயே வருவார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘குடி மாத்துறது’.

இது அவருக்குத் தொழிலும் இல்லை. தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் காம்பவுண்டிலேயே மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். கீழ்ப் போர்ஷனில் நான். என் பத்திரிகைக் கடையும் தில்லை நகரில்தான் என்பதால் காலையில் என் ஸ்கூட்டரில் ஏறிக்கொள்வார். பத்திரிகை என்றால் செய்தித்தாள் இல்லை, கல்யாணப் பத்திரிகை. நான் டிசைன் செய்து கொடுப்பேன், அச்சு வேறு இடத்தில். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அன்றைக்கு யார் வீட்டுக் கம்ப்யூட்டர் குடி மாறப்போகிறது என்ற சமாச்சாரம் முழுக்க என் ஹெல்மெட்டுக்குள் வந்து விழுந்துவிடும்.

சில நாள் அந்தக் கம்ப்யூட்டரே கூட வரும். ஒரு முறை யாருடைய சி.பி.யு.வையோ மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். பாலத்தில் நல்ல நெரிசல். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, என்னம்மா இப்படிக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறாய் என்றார். அக்கா கொஞ்சமும் அசராமல், நாளைக்குக் குடி போகிறோம், நல்ல நேரம் காலையில் என்று சொன்னார். அந்த அம்மாவும், நல்லா இருங்கம்மா என்று வாழ்த்திவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை ஆடியது. அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். சிரிப்பதானால் ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரி, உள்ளே ஆள் இருக்கிறார் என்றார்.

உள்ளே ஆள் இருக்கிறார் என்பதுதான் அவர் கட்சி. ஸ்கேன் சென்டருக்கு வந்த ஒரு மெத்தப் படித்த இளைஞர், இதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம், எல்லா ஃபைலையும் காப்பி செய்து புது டிஸ்கில் போட்டால் முடிந்தது என்று பேசினாராம். போட்டும் பார்த்தாராம். கம்ப்யூட்டர் கறுப்பாக ஒரு திரையைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. அக்கா அவரிடம் சொன்னதை என்னிடம் நடித்தே காட்டினார்.

“சாமானை எல்லாம் கொண்டுபோய்ப் புது வீட்டுல இறக்கிட்டீங்க தம்பி, சரி. ஆளு பழைய வீட்டுலயே உக்காந்திருக்காரு. இங்க வந்து கதவத் தட்டுனா யாரு தொறப்பா?”

ஆள் என்பது ஓ.எஸ். அது வாசல் திறக்கிற சாவியைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் வைத்திருக்கும். காப்பி அடித்தால் அந்த மூலை வராது. டிஸ்கை முழுசாகப் பிரதி எடுக்க வேண்டும். இதை என் மரமண்டைக்கும் ஏற்றியவர் அவர்தான்.

ஃபார்மட் என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகாது. கடைக்காரர்கள் எடுத்த எடுப்பில் அதைத்தான் சொல்வார்கள். ஃபார்மட் பண்ணிப் புதுசா ஓ.எஸ். போட்டுக்கலாம்மா என்பார்கள். அக்காவின் முகம் சுருங்கிவிடும். குடியிருந்த மனுஷரை அடித்துத் துரத்திவிட்டு யாரோ ஒரு புது ஆளைக் கொண்டுவந்து வைப்பதற்குப் பெயர் மராமத்தா என்று கேட்பார். பழைய ஆளுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும், நமக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும், புது ஆள் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டு உயிரை எடுப்பான் என்பார். அதில் உண்மை இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பேராசிரியர் மாமா, ஓய்வுபெற்றவர். தன் உபன்யாசக் குறிப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்திருந்தார். அவர் வீட்டுக்கு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். யாரையாவது இழுத்துக்கொண்டு போகாமல் அவர் எந்த வீட்டுக்கும் போனதில்லை. வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்க வேண்டும். போதாததற்கு வெளியாளும் இரண்டு பேர் வேண்டும். கூட்டம் இல்லாமல் என்ன கிரகப்பிரவேசம்?

மாமா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் நேரம் கொடுத்திருந்தார். ஆனால் திரையில் ஓடுகிற பச்சைக் கோடு பஞ்சாங்கம் பார்த்து ஓடாது. இன்னும் பத்து நிமிஷம் என்று காட்டும். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் ஒரு மணி நேரம் என்று காட்டும். மாமா கடிகாரத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, ராகு காலம் வர்றதுக்குள்ள ஆயிடுமோன்னோ?”

“அவரு கெளம்பிட்டாரு மாமா. வழியில ராகு காலம் வந்தா என்ன, வாசப்படி மிதிக்கிற நேரந்தான கணக்கு?”

மாமா யோசித்தார். பிறகு அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு ஈசிசேரில் சாய்ந்தார். பிரதி எடுக்கும் வேலை முடிந்தபோது ராகு காலமும் பிறந்துவிட்டது. அது போகும்வரை புது டிஸ்கை மாட்டாமல் அத்தனை பேரும் உட்கார்ந்து அரட்டை அடித்தோம். அப்புறம் மாமி பால் காய்ச்சினார். பொங்கியதும் அக்கா பட்டனை நோக்கிக் கையை நீட்ட, மாமி தடுத்தார். பெருமாள் முன்னால் வைத்துக் கண்டருளப் பண்ணாமல் பட்டனாவது ஒன்றாவது என்று பாலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். இப்படி ஒரு ஐட்டம் தன் லிஸ்டில் இல்லாமல் போய்விட்டதே என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாலக்கரைப் பக்கம் நடந்தது வேறு. அந்த வீட்டு பாய் வளைகுடாவில் வேலை பார்ப்பவர், லீவில் வந்திருந்தார். அவர் அங்கே இருக்கும்போது மனைவியும் பிள்ளைகளும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது வீட்டிலிருக்கும் அந்தக் கம்ப்யூட்டரில்தான். திரும்பிப் போவதற்குள் அதை வேகமாக்கிவிட வேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டிருந்தார். பால் விஷயத்தைச் சொன்னதும், நாங்கள் பாத்திஹா ஓதிச் சீரணி கொடுப்போம் என்றார் பாய். சீரணி என்றால் ஓதி முடித்துப் பங்கிடுகிற இனிப்பு. இரண்டும் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் அக்கா. இனிப்பு என்றால் அவருக்கு எந்த ஆட்சேபணையும் வராது. பால் பொங்கியது, ஓதி முடித்தார்கள், கம்ப்யூட்டரும் எழுந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

நாலைந்து நாள் கழித்து பாய் தயங்கித் தயங்கி போன் செய்தார். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், வேகம் ஒன்றும் கூடின மாதிரி தெரியவில்லை என்றார். போய்ப் பார்த்தால் விஷயம் இதுதான். பழைய டிஸ்கும் உள்ளேயே மாட்டியிருந்தது. கம்ப்யூட்டர் தினம் தினம் பழைய டிஸ்கிலிருந்தே எழுந்து, பழைய டிஸ்கிலேயே வேலை பார்த்து, அங்கேயே படுத்துக்கொண்டிருந்தது. புது வீடு பூட்டியபடியே இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. பால் காய்ச்சி, சீரணி கொடுத்து, ஊரைக் கூட்டி, எல்லாம் முடிந்ததும் மனுஷர் நைசாகப் பழைய வீட்டுக்கே போய்ப் படுத்துவிட்டாரே என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாயின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய்க்கு முதலில் எதற்கு என்று புரியவில்லை, புரிந்ததும் அவரும் சேர்ந்துகொண்டார். மறுபடியும் பால், மறுபடியும் சீரணி. இன்ஷா அல்லாஹ், இந்தத் தடவையாவது ஆள் உள்ளே போய்விடட்டும் என்றார் பாய். அன்றிலிருந்து, பட்டனைத் தட்டுமுன் பழைய டிஸ்கைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட வேண்டும் என்பதும் அக்காவின் சட்டமாகிவிட்டது.

இத்தனை குதூகலம் ஒரு டிஸ்குக்கு எதற்கு என்று நான் கேட்டேன், ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது. அவர் கணவர் ரயில்வேயில் இருந்தார். கல்யாணமாகி லால்குடியிலிருந்து வந்ததிலிருந்து இந்த ஊருக்குள்ளேயே போர்ஷன் போர்ஷனாக மாறிக்கொண்டிருந்தார்கள். சாமான் கட்டுவதும் பிரிப்பதும் எரிச்சலான வேலைதான் என்றார். ஆனால் பால் பொங்கும்போது மட்டும் தன்னால் நிற்க முடியாது, குதிக்கத் தோன்றும் என்றார்.

“அந்த நேரத்துக்கு அது நம்ம சொந்த வீடு மாதிரியே இருக்கும்மா. வாடகை வீடுங்கறதெல்லாம் மறுநாள் காலைலதான் ஞாபகம் வரும்.”

பச்சை விழுந்துவிட்டது. வண்டியைக் கிளப்பினேன். அடுத்தவர் வீட்டுப் பால் பொங்குவதைப் பார்க்க அலைகிற அக்கா என்று அதுவரை அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து கேலி கொஞ்சம் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை.

குதூகலத்தில் அவருக்குத் தலைகால் புரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பச்சைக் கோடு ஓட ஆரம்பித்துவிட்டால் உட்கார மாட்டார். திரையைப் பார்த்து, வாங்க வாங்க, பார்த்து வாங்க என்று பேசுவார். கேபிள் காலில் இடறும். எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும், இந்த மனுஷி என்றைக்காவது ஒரு நாள் ஆர்வக் கோளாறில் எதையாவது செய்துவைக்கப் போகிறார் என்று. அது என் கடையிலேயே நடந்தது.

என் கடைக் கம்ப்யூட்டர் கிழடு. அதில் இருந்த பத்திரிகை சாஃப்ட்வேரும் கிழடு. அதை விற்ற கம்பெனி இன்று இல்லை, வாங்கின சி.டி. கீறல் விழுந்து செத்துப்போய்விட்டது. அதன் தமிழ் எழுத்துகள் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். வேறு எதில் திறந்தாலும் ‘நிகழும் மங்களகரமான’ என்பது கட்டம் கட்டமாக நிற்கும். என் பிழைப்பு மொத்தமும் அதற்குள் இருந்தது. அந்த ஹார்டு டிஸ்க்தான் டக், டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது.

அண்ணன் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி வந்தார். அவர் காட்டூரில் இருக்கிறார், கம்பெனி உத்தியோகம். எல்லாரும் போனிலேயே பத்திரிகை அனுப்புகிற காலத்தில் உனக்கு எதற்கு இந்தக் கடை என்பது அவருடைய பழைய பாட்டு. நல்லெண்ணம்தான், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடை வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது. கட்டிட ஓனர் அவரிடம், பிரியாணிக் கடை பார்ட்டி ஒன்று இடம் கேட்டு நெருக்குகிறது, நீங்கள் காலி செய்கிறீர்களா இல்லையா, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றிருந்தார். அண்ணன் என்னிடம் பேச்சை நீட்டவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பிழைத்தால் கடையை நடத்து, போய்விட்டால் மூடிவிட்டு நான் பார்த்து வைத்திருக்கிற ஸ்கூல் ஆபீஸ் வேலைக்குப் போ என்றார். நானும் தலையாட்டினேன். வேறு வழியும் இல்லை.

இதில் லால்குடிக் கல்யாணம் ஒன்று வேறு மாட்டிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் பெரிய குடும்பம். பத்திரிகையில் எந்த மாமா பெயர் எந்தச் சித்தப்பா பெயருக்கு மேலே வர வேண்டும் என்று வாரக்கணக்கில் சண்டை போட்டு, இரண்டு பேர் பேச்சுவார்த்தை முறிந்து, ஒருவழியாக எல்லாரும் சம்மதித்த வரிசை அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. அது போனால் சண்டையை முதலிலிருந்து போட வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா லீவு போட்டுவிட்டுப் புது எஸ்.எஸ்.டி.யோடு கடைக்கு வந்தார். அண்ணனும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார், அதனால் அவரும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடையில் அடுப்பு இல்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து காய்ச்சின பாலே வாங்கிக்கொள்ளலாமே என்றேன். குடி போவது டீக்கடைக்காரரா என்று கேட்டார். ஆகவே அண்ணியின் இண்டக்‌ஷன் அடுப்பை அண்ணனே தூக்கிக்கொண்டு வரும்படி ஆகியிருந்தது. கடையை மூடவைக்க வந்த மனுஷர் மடியில் அடுப்போடு உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்து எனக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்தது.

டக் டக் சத்தத்தோடே பச்சைக் கோடு நகர்ந்தது. முக்கால்வாசி தாண்டியதும் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பால் தயாராக இருக்கட்டும் என்று அடுப்பை மேஜையில் வைத்துப் பால் பாத்திரத்தை ஏற்றினார், பிளக்கை எடுத்தார், காலியாக இருந்த ஓட்டையில் சொருகினார். அது யூ.பி.எஸ். பெட்டியின் ஓட்டை. கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிக்க வைத்திருந்த சின்னப் பெட்டி அது. அடுப்பை ஆன் செய்ததும் அதன் பாரம் தாங்காமல் பெட்டி கீ என்று கத்தியது. அவ்வளவுதான், திரை இருண்டது, கம்ப்யூட்டர் அடங்கியது. டக் டக் சத்தமும் நின்றுவிட்டது.

மூன்று பேரும் அசையவில்லை. அக்கா அடுப்பின் பிளக்கைப் பிடுங்கி எறியாத குறையாக எடுத்தார். மறுபடி கரண்ட் கொடுத்தார். திரை வந்தது, ஆனால் பழைய டிஸ்கே இல்லை என்று சொன்னது. இன்னொரு முறை. அதே பதில். எத்தனையோ கம்ப்யூட்டர்களைக் குடி மாற்றியவர் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.  இனிமேல் அந்த ஸ்கூல் ஆபீஸில் யாருக்கோ ரசீது போட்டுக்கொண்டிருக்கப் போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அக்காமீது கோபமா, என்மீதா என்று கூடப் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் போன் அடித்தது. ஓனர். சாயங்காலம் ஆகவில்லை, ஆனால் பிரியாணிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன் என்று அண்ணன் வைத்துவிட்டார். அக்கா அவர் முன்னால் போய் நின்றார்.

“சார், அடுப்ப அதுல சொருகுனது நானு. கடைய மூடுறதா இருந்தா என்னால மூடுனதுன்னு சொல்லுங்க. உங்க தங்கச்சிக்குத் தொழில் நடத்தத் தெரியலன்னு சொல்லிடாதீங்க.”

 அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, அது சூடாக இருக்கிறதோ என்னவோ என்று மட்டும் சொன்னார். எது என்று கேட்டேன். டிஸ்கைக் காட்டினார்.

அக்கா தொட்டுப் பார்த்தார். கொதித்தது. வேறு யோசனையே இல்லாமல் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்து, சாம்பிள் ரேக்கிலிருந்து ஒரு பெரிய கல்யாணப் பத்திரிகையை உருவி விசிற ஆரம்பித்தார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவருக்குப் போதவில்லை. நான் ஒன்றை எடுத்தேன். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் அண்ணனும் தாமரை போட்ட ஒரு பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு மும்முரமாக விசிறிக்கொண்டிருந்தார். பத்திரிகையெல்லாம் எவன் வாங்குறான் என்றவர்.

நன்றாக ஆறிய பிறகு மாட்டினோம். டக் என்றது. அந்தச் சத்தத்தை அப்படி ஒரு ஆசையோடு நான் கேட்டதே இல்லை. டிஸ்க் திரையில் தெரிந்தது. முதலிலிருந்து பிரதி எடுக்க ஆரம்பித்தார் அக்கா. வாங்க வாங்க என்று இந்த முறை சத்தமாகச் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கோடு இடையிடையே நின்றது, டிஸ்கில் கெட்டுப்போன இடங்களைத் தாண்டித் தாண்டிப் போனது, மூன்று பேரும் விசிறிக்கொண்டே இருந்தோம். முடிந்தது என்று திரை சொன்னபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது.

பழைய டிஸ்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். புதுசை மாட்டினார். என்னைப் பட்டன் பக்கத்தில் நிறுத்தினார். எனக்கு அவசரம் தாங்கவில்லை, விரலைக் கொண்டுபோய்விட்டேன். அக்கா என் கையைப் பிடித்தார். பால் என்றார்.

யூ.பி.எஸ். பெட்டியில் இனி அடுப்பைச் சொருக எங்களுக்குத் தைரியம் இல்லை. கடையின் வயரிங்கையே நம்ப மாட்டேன் என்றார் அக்கா. அண்ணன் எழுந்தார். பேசாமல் அடுப்பை ஒரு கையிலும் பால் பாத்திரத்தை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு அடுத்த கடையான டெய்லர் கடைக்குள் நுழைந்தார். அந்த டெய்லருக்கும் அண்ணனுக்கும் அதுவரை பேச்சுப் பழக்கம் கிடையாது. பிளக் பாயிண்ட் கேட்டது, எதற்கென்று விளக்கியது, தையல் மெஷினை நிறுத்தச் சொன்னது எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“பொங்கிடுச்சு” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது. அந்த மனுஷர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

பட்டனைத் தட்டினேன். திரை ஒரு கணம் கறுப்பாக இருந்தது. பிறகு என் பழைய திரை, பெயர் தெரியாத அதே பூப் படம், என் ஃபைல்கள், எல்லாம் அப்படியே கண் முன்னால். கொட்டாவி விட்டு எழுகிற கம்ப்யூட்டர், தட்டியதும் எழுந்து நின்றது. லால்குடிப் பத்திரிகையைத் திறந்தேன். கட்டம் இல்லை. மாமாக்களும் சித்தப்பாக்களும் சண்டைபோட்டு வாங்கிய அதே இடங்களில், அதே அழகான தமிழில் நின்றார்கள். நான் அழுதேன். அக்கா இரண்டு கையையும் உயர்த்திக் கடைக்குள்ளேயே ஒரு சுற்றுக் குதித்தார். சாம்பிள் ரேக் ஒன்று சரிந்தது.

அண்ணன் பால் பாத்திரத்தோடு வாசலில் நின்று திரையைப் பார்த்தார். மறுபடி போன் அடித்தது. பாத்திரத்தைக் கீழே வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

“பார்ட்டிய வேற இடம் பாக்கச் சொல்லுங்க சார். தங்கச்சி கடைய காலி பண்ணல.” எதிர்ப்பக்கம் என்னவோ கேட்டார்கள். “ஆமாங்க, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். ஒப்பந்தத்தையும் அவ பேருக்கே மாத்திடுங்க.”

போனைப் பையில் போட்டுவிட்டு டம்ளரில் பாலை ஊற்றினார். அக்கா வழக்கம்போல் கையை நீட்டினார், எங்கே குடி மாற்றினாலும் முதல் டம்ளர் அவருக்குத்தான். அண்ணன் அவரைத் தாண்டி என்னிடம் வந்தார்.

“மொதல்ல கடைக்காரம்மா குடிக்கட்டும்” என்றார்.

வாங்கிக் குடித்தேன். அக்கா நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்று, அண்ணனையும் என்னையும் பார்த்து, முகமெல்லாம் பூரித்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்.